குட்டி முயலுக்கு எந்த பெல்லட்: கலர் மிக்ஸா, பண்ணைத் தீவனமா, ஆல்ஃபால்ஃபா ஜூனியரா?

பெட் ஷாப்ல முயல்குட்டி வாங்கறவங்க பாதிப் பேர் கூடவே ஒரு பாக்கெட் தீவனமும் வாங்கிட்டு வருவாங்க, கடைக்காரர் எதைக் கையில குடுத்தாரோ அதுதான், அட்டையில முயல் படம் இருக்கும், உள்ள என்ன இருக்குன்னு திருப்பிப் பார்க்க யாருக்கும் தோணாது. என்னோட முடிவை முதல்லயே சொல்லிடறேன். ஏழு மாசத்துக்குள்ள இருக்கற குட்டிக்கு, ஒரே கலர்ல ஒரே வடிவத்துல இருக்கற, ஆல்ஃபால்ஃபாவை (நம்ம குதிரைமசால்) அடிப்படையா வெச்சு செஞ்ச ஜூனியர் பெல்லட்தான், அதாவது அரைச்சு சின்னத் துண்டா அழுத்தின குட்டித் தீவனம்தான் முதல் சாய்ஸ். அது கட்டுப்படியாகலன்னா புதுசா அரைச்ச, மருந்து கலக்காத முயல் பண்ணைத் தீவனத்தைக் கொஞ்சமா குடுத்து, நிறைய புல்லும் காய்ஞ்ச புல்லும் (ஹேன்னு சொல்றது இதைத்தான்) போடலாம். விதை, காய்ஞ்ச பழம், கலர் கலர் வளையம் எல்லாம் கலந்த மிக்ஸ் மட்டும் எந்த பட்ஜெட்லயும் வேண்டாம். ஏன் இப்படிச் சொல்றேன்னு கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா இதுல தப்பான ஒண்ணை எடுத்தா மெதுவா தெரியற கெடுதல் மட்டும் இல்ல, குட்டி வயசுல ரெண்டே நாள்ல உயிர் போயிடற அளவுக்கு வயித்துப் பிரச்சனை வரும்.

வயசைத்தான் முதல்ல பாக்கணும். முயல்குட்டி மூணு வாரத்துல திட உணவைக் கொறிக்க ஆரம்பிக்கும், ஆனா தாய்கிட்ட இருந்து பிரிக்க எட்டு வாரம் ஆகறதுதான் நல்லது. நம்ம ஊர் கடைகள்ல நாலு அஞ்சு வாரக் குட்டியைக் கொண்டுவந்து "மினி ரேபிட், இதுக்கு மேல வளராது"ன்னு சொல்லி விக்கறாங்க, அது பெரும்பாலும் சாதாரண வெள்ளை முயலோட குட்டிதான், வளரத்தான் செய்யும். அந்த வயசுல குட்டியோட குடல் இன்னும் தயாராகி முடியல. முயலுக்கு இரைப்பையைத் தாண்டி சீக்கம்னு பெரிய பை மாதிரி ஒரு குடல் பகுதி இருக்கு, அதுல இருக்கற நல்ல பாக்டீரியாதான் நாரைப் புளிக்க வெச்சு சத்தா மாத்திக் குடுக்குது, அப்படி வர்ற மெத்துன்னு கொத்துக் கொத்தா இருக்கற புழுக்கையை முயல் திரும்ப வாயிலேயே எடுத்து சாப்பிடும், அது நோய் இல்ல, அப்படித்தான் அது உயிர் வாழுது. குட்டிக்கு இந்த பாக்டீரியாக் கூட்டம் இப்பத்தான் குடியேறிட்டு இருக்கும், மாவுச்சத்தை முழுசா செரிக்கற என்சைமும் பத்தாது. இந்த நேரத்துல மக்காச்சோளம், கோதுமை, பிஸ்கட்டுன்னு மாவா உள்ள போச்சுன்னா, செரிக்காத மாவு நேரா சீக்கத்துக்குப் போய் அங்க கெட்ட கிருமிக்குத் தீனியாயிடும். க்ளாஸ்ட்ரிடியம் ஸ்பைரோஃபார்மேன்னு ஒரு கிருமி இருக்கு, அது விடற நச்சுல குட்டிக்குத் தண்ணியா வயித்தால போய் ஒரே நாள்ல சுருண்டுடும். வாங்கிட்டு வந்த முதல் வாரத்துலயே குட்டி செத்துப்போச்சுன்னு எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கேன், சின்ன வயசுலயே பிரிச்சது, பயணம், புது இடத்து பயம், காக்ஸிடியாங்கற குடல் ஒட்டுண்ணி, அதோட இந்த திடீர் தீவன மாத்தமும் சேர்ந்தா குட்டி தாங்கறதில்ல.

அப்ப பாக்கெட்டைத் திருப்புங்க. முன்பக்கம் எழுதியிருக்கற எதையும் நம்பாதீங்க, பின்பக்கம் சின்ன எழுத்துல இருக்கற ரெண்டு விஷயம்தான் கணக்கு, ஒண்ணு பொருள் வரிசை, இன்னொண்ணு சதவீதம். பொருள் வரிசையில எது முதல்ல இருக்கோ அதுதான் அதிகம் போட்டது. முதல் பேர் ஆல்ஃபால்ஃபா மீல் (மீல்னா அரைச்ச பொடி), டிமோத்தி மீல் (டிமோத்தி ஒரு வகைப் புல்), புல் மீல்னு இருந்தா நல்லது, மக்காச்சோளம், கோதுமை, அரிசி, வெறும் "செரியல்ஸ்"னு இருந்தா வெச்சுட்டு வந்துடுங்க. வளர்ற குட்டிக்கு புரோட்டீன் 15-16 சதவீதம் வாக்கில இருக்கணும், நார்ச்சத்து 18க்குக் கீழ போகக் கூடாது, 20க்கு மேல இருந்தா இன்னும் சந்தோஷம், கொழுப்பு 3 வாக்கில போதும், கால்சியம் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கலாம்.

இதுல ஒரு விஷயத்தை நிறைய பேர் கவனிக்கறதில்ல. நார்ச்சத்துக்குப் பக்கத்துல "மினிமம்"னு போட்டிருக்கா "மேக்ஸிமம்"னு போட்டிருக்கான்னு பாருங்க. மினிமம் 18ன்னா கண்டிப்பா 18 இருக்கு, மேக்ஸிமம் 18ன்னா 10 கூட இருக்கலாம், அதுவும் அந்த லேபிள் படி சரிதான். மாவுச்சத்து (ஸ்டார்ச்) எவ்வளவுன்னு பெரும்பாலான பாக்கெட்ல எழுதவே மாட்டாங்க, ஆனா நாமளே சுமாரா கணக்குப் போடலாம், 100ல இருந்து புரோட்டீன், கொழுப்பு, நார், சாம்பல் (அதாவது தாது உப்பு), ஈரப்பதம் அஞ்சையும் கழிச்சிடுங்க. உதாரணத்துக்கு 16, 3, 22, 9, 10 இருக்கற பெல்லட்ல மிச்சம் 40. 17, 4, 10, 8, 11 இருக்கறதுல மிச்சம் 50. அந்த மிச்சம் முழுக்க மாவு கிடையாது, கரையற நாரும் அதுல சேர்ந்திருக்கும், ஆனா ரெண்டு பாக்கெட்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறதுக்கு இந்தக் கணக்கு நல்லாவே உதவும். சாம்பல் போடலன்னா 8ன்னு வெச்சுக்கலாம்.

இப்ப கலர் மிக்ஸ். மியூஸ்லின்னு சொல்லுவாங்க, பச்சை பெல்லட் கொஞ்சம், தட்டையா நசுக்கின பட்டாணி, மக்காச்சோளம், சூரியகாந்தி விதை, மஞ்சள் சிவப்பு வளையம், காய்ஞ்ச கேரட், சிலதுல வாழைப்பழச் சிப்ஸ் கூட இருக்கும். பார்க்க ரொம்ப ஆசையா இருக்கும், பிள்ளைங்க இதைத்தான் கேப்பாங்க, கடைகள்லயும் இதுதான் கண்ணுல படற மாதிரி வெச்சிருப்பாங்க. பிரச்சனை என்னன்னா முயல் அதுல பொறுக்கித் திங்கும். இனிப்பா மாவா இருக்கறதை எல்லாம் தின்னுட்டு, நார் இருக்கற பெல்லட்டை அப்படியே விட்டுடும், நாம கிண்ணம் பாதி காலியாயிருக்குன்னு மேல இன்னும் கொட்டுவோம். அப்ப பாக்கெட்ல எழுதியிருக்கற சதவீதத்துக்கும் குட்டி வயித்துக்குள்ள போனதுக்கும் சம்பந்தமே இல்லாமப் போயிடும். எடின்பரோ பல்கலைக்கழகத்துல 32 டச்சு இன முயலை நாலு குரூப்பா பிரிச்சு 17 மாசம் வளர்த்துப் பார்த்தாங்க, ஒரு குரூப்புக்கு ஹே மட்டும், ஒண்ணுக்கு ஹேயும் நகெட்டும் (எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்கற பெல்லட்), ஒண்ணுக்கு ஹேயும் மியூஸ்லியும், கடைசி குரூப்புக்கு மியூஸ்லி மட்டும். மியூஸ்லி கிடைச்ச முயல் எல்லாமே பொறுக்கித்தான் தின்னுச்சு, ஹே கூட இருந்தும் மியூஸ்லி குரூப் நகெட் குரூப்பை விடக் கம்மியாத்தான் ஹே சாப்பிட்டுது, மியூஸ்லி மட்டும் தின்னதுக்குப் பல்லு கோளாறு வந்துது. இந்த ஆராய்ச்சிக்குப் பணம் குடுத்தது பர்ஜஸ், அவங்க நகெட் விக்கற கம்பெனி, அதையும் சொல்லித்தான் ஆகணும், ஆனா பொறுக்கித் திங்கறது எந்த வீட்லயும் ஒரு கிண்ணம் வெச்சா கண்ணாலயே தெரியற விஷயம். பிரிட்டன்ல பெட்ஸ் அட் ஹோம்ங்கற பெரிய செயின் 2013லயே மியூஸ்லி விக்கறதை நிறுத்திட்டாங்க. நம்ம ஊர்ல இன்னும் அதுதான் அலமாரி முழுக்க.

பல்லு பத்தி சொன்னதால இதையும் சேர்த்துடறேன். முயலோட முன்பல்லு வாரத்துக்கு 2-3 மில்லிமீட்டர் வளரும், கடைவாய்ப் பல்லும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகிட்டேதான் இருக்கும். நீளமான புல்லை மெல்லும்போது தாடை பக்கவாட்டுல அரைக்கும், அந்த அரைப்புலதான் பல்லு தேயும். பெல்லட் கடிச்சதும் நொறுங்கிடும், மேலயும் கீழயும் ஒரு நசுக்கு, அவ்வளவுதான். அதனால உலகத்துலயே நல்ல பெல்லட்டா இருந்தாலும் அது ஹேயோட வேலையைச் செய்யாது. பெல்லட் கெட்டியா இருந்தா பல்லு தேயும்னு கடையில சொல்லுவாங்க, அது உண்மை இல்ல.

அடுத்தது பண்ணைத் தீவனம், இதைப் பத்திதான் அதிகம் பேசணும், ஏன்னா தமிழ்நாட்டுல நிறைய வீட்டு முயல் இதைத் தின்னுதான் வளருது, கடையில லூஸா கிலோ கணக்குல குடுக்கறதும் பெரும்பாலும் இதுதான். நம்ம ஊர்ல கறிக்கு முயல் வளர்க்கறது நல்லாவே வேரூன்றின தொழில், கொடைக்கானல் பக்கம் மன்னவனூர்ல மத்திய அரசோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு, ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவுல கால்நடைப் பல்கலைக்கழகத்தோட நிலையம் இருக்கு, ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இனமெல்லாம் இந்த மாதிரி இடங்கள் வழியாத்தான் விவசாயிங்ககிட்ட பரவுச்சு. அந்தத் தீவனத்தோட குறிக்கோள் வேற. பன்னெண்டு வாரத்துல ரெண்டு கிலோ எடை வரணும், வந்ததும் வித்துடணும். அதுக்காக மக்காச்சோளம், கம்பு, கடலைப் புண்ணாக்கு, கோதுமைத் தவிடு, தாது உப்புக் கலவைன்னு போட்டு எடை ஏத்துவாங்க, பண்ணையில கூடவே கட்டுக்கட்டா பசுந்தீவனமும் போடுவாங்க. பண்ணைக்காரர் செய்யறது தப்புன்னு நான் சொல்லல, மூணு மாசத்துல முடியற கணக்குக்கு அது சரியான தீவனம். நம்ம வீட்ல இருக்கறது எட்டு பத்து வருஷம் வாழப்போற முயல், அதே தீவனத்தைக் கிண்ணம் நிறைய வெச்சு, புல்லு ஒரு கைப்பிடி போட்டா, கொழுப்பு ஏறும், பல்லு வளைஞ்சு வளரும், புழுக்கை சின்னதாகும்.

இதுல எனக்கு உண்மையிலேயே பயம் வர்றது கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் பூஞ்சை பிடிக்கறதைப் பத்திதான். அஃப்ளாடாக்ஸின்கற பூஞ்சை நச்சு தாங்காத விலங்குகள்ல முயல் ரொம்ப முன்னாடி நிக்கும், கல்லீரல் கெட்டுடும், கொஞ்ச அளவே போதும். ஐப்பசி கார்த்திகை மழையில கோணி மூட்டையில திறந்து வெச்சிருக்கற லூஸ் பெல்லட் எத்தனை நாளா அங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. கையில எடுத்து மோந்து பாருங்க, நல்ல பெல்லட் காய்ஞ்ச புல்லு வாசமா இருக்கும், காறல் வாடையோ ஈரச்சாக்கு வாடையோ அடிச்சா, வண்டு ஓடினா, அடியில தூசியா மாவா கொட்டியிருந்தா வேண்டாம். வெயில்ல காய வெச்சுக் குடுத்தா சரியாயிடும்னு நினைக்காதீங்க, பூஞ்சை காய்ஞ்சாலும் அது விட்டுட்டுப் போன நச்சு அங்கயேதான் இருக்கும். வாடை இல்லன்னா நச்சு இல்லன்னும் அர்த்தம் இல்ல, அதனாலதான் அரைச்ச தேதி தெரியற மூட்டையா பார்த்து வாங்கணும்னு சொல்றேன், மூணு மாசத்துக்கு உள்ள இருக்கறது நல்லது.

இன்னொரு கேள்வியும் கேக்கணும், மருந்து கலந்த தீவனமான்னு. காக்ஸிடியா வராம இருக்க பண்ணைத் தீவனத்துல மருந்து சேர்க்கறது உண்டு, முயலுக்கான மருந்து முயலுக்கான அளவுல இருந்தா அது வேற விஷயம், ஆனா வீட்ல ஒண்ணு ரெண்டு குட்டிக்கு தினமும் அது தேவையே இல்ல. கோழித் தீவனம் சுத்தமாவே கூடாது, அதுல கோழிக்குப் போடற அளவுல இருக்கற நராஸின், சாலினோமைசின் மாதிரி மருந்து முயலுக்கு விஷம், லின்கோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் கொஞ்சம் கலந்தாக்கூட குடல் பாக்டீரியா எல்லாம் செத்து முயல் போயிடும். ஒரே மில்லுல கோழித் தீவனமும் முயல் தீவனமும் அரைச்சா கலப்படம் ஆகற வாய்ப்பும் இருக்கு. மாட்டுத் தீவனமும் வேண்டாம். கினிப்பன்றி பெல்லட் மட்டும் கையில இருக்கு, ஒரு ரெண்டு நாள் சமாளிக்கணும்னா பரவால்ல, அதுல வைட்டமின் சி சேர்த்திருப்பாங்க, முயல் அதைத் தானே உண்டாக்கிக்கும், தேவையில்லாததுக்கு எதுக்குக் காசு.

ஆல்ஃபால்ஃபா ஜூனியர் பெல்லட்டுக்கு வருவோம். ஆல்ஃபால்ஃபான்னா நம்ம குதிரைமசால் தான், கோயமுத்தூர் பக்கம் மாட்டுக்கு வளர்க்கறாங்களே அதே செடி. பயறு வகைச் செடிங்கறதால புரோட்டீனும் கால்சியமும் புல்லை விட அதிகம், டிமோத்தி மாதிரி புல்லுல கால்சியம் அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும்னா இதுல அதைப் போல ரெண்டு மூணு மடங்கு. எலும்பும் பல்லும் வளர்ற வயசுல அது வேணும். அதே சமயம் புரோட்டீனை மக்காச்சோளமும் புண்ணாக்கும் போட்டு ஏத்தாம இலையில இருந்தே எடுத்துக்கறதால நாரும் கூடவே வந்துடுது, இதுதான் இந்த பெல்லட்டை மத்ததுல இருந்து பிரிக்கற விஷயம், குட்டிக்கு வளர்றதுக்கும் சத்து கிடைக்குது, குடலுக்கும் நார் கிடைக்குது.

இறக்குமதி பிராண்டுல ஆக்ஸ்போ யங் ரேபிட் ஆல்ஃபால்ஃபா அடிப்படை, அவங்களோட அடல்ட் பாக்கெட் டிமோத்தி அடிப்படை, ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆன்லைன்ல ஆர்டர் போடறப்ப எது வருதுன்னு கவனமா பாருங்க. பர்ஜஸ் எக்ஸெல்ல ஜூனியர் அண்ட் ட்வார்ஃப்னு தனியா நகெட் இருக்கு. பெல்ஜியம் கம்பெனி வெர்செல்-லாகாவுல கம்ப்ளீட்ங்கற வரிசை எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்கற வகை, அதுல ஜூனியரும் உண்டு, நேச்சர் வரிசை பலவிதத் துண்டு கலந்தது, க்ரிஸ்பி மியூஸ்லின்னும் அதே கம்பெனி விக்குது. அதனால "வெர்செல்-லாகா நல்லதா"ன்னு கேட்டா பதில் சொல்ல முடியாது, எந்தப் பாக்கெட்னு கேட்டாதான் சொல்ல முடியும். பிராண்ட் பேரை வெச்சு முடிவு பண்றவங்க இங்கதான் மாட்டிக்கறாங்க. உள்ளூர்ல பாக்கெட் போடற பிராண்டும் இப்ப வருது, முன்னாடி சொன்ன அதே சோதனைதான் அதுக்கும், முதல் பொருள் என்ன, நார் மினிமமா மேக்ஸிமமா, எல்லாத் துண்டும் ஒரே மாதிரியா. பாஸானா தாராளமா வாங்குங்க, இறக்குமதி ஸ்டிக்கர் இருக்கறதாலயே ஒண்ணு உசந்தது ஆயிடாது. அதுலயும் கப்பல்ல வந்து குடோன்ல வெயில்ல கிடந்து எக்ஸ்பயரி நெருங்கின பாக்கெட்டை டிஸ்கவுன்ட்ல தள்ளி விடுவாங்க, வைட்டமின் எல்லாம் சூட்டுல குறைஞ்சு போயிருக்கும், அதுக்குப் பதிலா போன மாசம் அரைச்ச சுமாரான பெல்லட்டே மேல்.

கடையில ஜூனியர் இல்ல, அடல்ட் டிமோத்தி பெல்லட்தான் இருக்குன்னா? நிறைய ஊர்ல இதுதான் நிலைமை. பயப்பட ஒண்ணும் இல்ல, அதுல புரோட்டீன் 12-14 சதவீதம்தான் இருக்கும், தனியா அதை மட்டும் குடுத்தா வளர்ற குட்டிக்குக் கொஞ்சம் பத்தாது, ஆனா கூடவே ஆல்ஃபால்ஃபா ஹே, இல்லன்னா சுத்தமான இடத்துல இருந்து வர்ற குதிரைமசாலை நிழல்ல காய வெச்சுக் குடுத்தா கணக்கு சரியாயிடும். கலர் மிக்ஸா டிமோத்தி அடல்ட்டான்னு ரெண்டுல ஒண்ணு எடுக்கணும்னா யோசிக்காம டிமோத்தியை எடுங்க.

பெல்லட்டே இல்லாம வளர்க்கலாமான்னும் கேப்பாங்க. வளர்ந்த முயலை வளர்க்கலாம், நல்ல ஹே, பலவகைப் புல், கீரை எல்லாம் தினமும் கிடைக்கற வீட்ல அது நல்லாவே இருக்கும். குட்டிக்கு, அதுவும் முதல் முறையா வளர்க்கறவங்க, அடுக்குமாடி வீட்ல இருக்கறவங்க, நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏன்னா வளர்ற வயசுல புரோட்டீனும் தாது உப்பும் தினமும் சரியா போகுதான்னு புல்லை வெச்சு உறுதி பண்றது சுலபம் இல்ல, ஒரு கைப்பிடி பெல்லட் அந்தக் கவலையைத் தீர்த்துடுது. தோட்டம் இருக்கறவங்க, காங்கேயம் பக்கம் மாதிரி கொழுக்கட்டைப்புல்லு காடே இருக்கறவங்களுக்கு நிலைமை வேற, அங்க பெல்லட்டை ரொம்பக் குறைச்சுக்கலாம். அருகம்புல், கொழுக்கட்டைப்புல், வேலிமசால் எல்லாம் நல்லது, ரோட்டோரம் பறிக்காதீங்க, நாய் மூத்திரமும் பூச்சி மருந்தும் எதுல இருக்குன்னு கண்டுபிடிக்க முடியாது. வைக்கோல் ஹேக்குப் பதில் ஆகாது, அதுல சத்து ரொம்பக் கம்மி, படுக்கையா போடலாம்.

காசு விஷயம். இறக்குமதி ஜூனியர் பெல்லட் பண்ணைத் தீவனத்தை விடப் பல மடங்கு விலை, அதைப் பார்த்துதான் நிறைய பேர் பின்வாங்கறாங்க. ஆனா எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கிலோ எடை இருக்கற குட்டி நாளைக்கு 50-60 கிராம் பெல்லட் திங்குதுன்னே வெச்சுக்கலாம், மாசத்துக்கு ஒன்றரை, ரெண்டு கிலோக்குள்ள. ஹே நல்லா திங்கற குட்டி இதை விடக் கம்மியாதான் எடுக்கும். இந்தச் செலவு வாழ்நாள் முழுக்க இல்ல, நாலஞ்சு மாசம்தான், அதுக்கப்புறம் வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு 25 கிராம் வாக்கில போதும், ரெண்டு கிலோ முயல்னா நாளைக்கு 50 கிராம், அதுக்கு மேல வேண்டாம். பல்லு வளைஞ்சு போன முயலை மயக்க மருந்து குடுத்துப் பல்லைச் சீவ டாக்டர்கிட்ட திரும்பத் திரும்பக் கூட்டிட்டுப் போறதோட செலவையும், அந்த ஜீவன் படற வலியையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா, முதல் ஆறு மாசம் நல்ல பெல்லட் வாங்கறது பெரிய விஷயமே இல்லன்னு எனக்குத் தோணுது. பெரிய மூட்டை மலிவா கிடைக்குதுன்னு ஒரே குட்டிக்கு பத்து கிலோ வாங்கறதுலதான் அர்த்தம் இல்ல, ரெண்டு மாசத்துல முடியற அளவு வாங்கி காத்து புகாத டப்பாவுல போட்டு வெயில் படாம வைங்க, பழைய மிச்சத்து மேலயே புதுசைக் கொட்டாதீங்க.

எதை வாங்கினாலும் மாத்தற விதம்தான் குட்டி வயசுல உயிர் காக்கற விஷயம். கடையில இருந்து எடுக்கும்போதே இவ்வளவு நாள் என்ன தின்னுச்சுன்னு கேட்டு, அது பண்ணைத் தீவனமா இருந்தாலும் சரி கலர் மிக்ஸா இருந்தாலும் சரி, ஒரு கால் கிலோ அதையே வாங்கிட்டு வாங்க. முதல் மூணு நாலு நாள் அதையே குடுங்க, கூட ஹே மட்டும். அப்புறம் முக்கால் பங்கு பழசு, கால் பங்கு புதுசு, ரெண்டு மூணு நாள் கழிச்சுப் பாதிக்குப் பாதி, அப்புறம் கால் பங்கு பழசுன்னு ஒரு பத்து நாளைக்கு மாத்துங்க. நடுவுல புழுக்கை இளகினா அடுத்த படிக்குப் போகாம அங்கயே நில்லுங்க. இந்த நாட்கள்ல கேரட், முட்டைக்கோஸ், வாழைப்பழம் எதையும் ஆசைக்குக் கூட நீட்டாதீங்க, வீட்ல பெரியவங்க பாவம்னு ஒரு துண்டு குடுத்துடுவாங்க, முன்கூட்டியே சொல்லி வைங்க. கீரை வகை பன்னெண்டு வாரத்துக்கு அப்புறம் ஒவ்வொண்ணா, ஒரு சமயத்துல ஒரே ஒரு புது இலை, கொஞ்சமா.

அளவு பத்தி ஒரு கருத்து வேறுபாடு இருக்கு. அமெரிக்காவுல ஹவுஸ் ரேபிட் சொசைட்டிங்கற முயல் நல அமைப்பு ஏழு வாரத்துல இருந்து ஏழு மாசம் வரைக்கும் பெல்லட்டும் ஹேயும் குட்டி கேக்கற அளவு வைக்கலாம்னு சொல்றாங்க. அது நல்ல ஆல்ஃபால்ஃபா பெல்லட்டுக்குப் பொருந்தும். பண்ணைத் தீவனத்தை அப்படித் திறந்து வெச்சா பொருந்தாது, அதை நாளைக்கு ரெண்டு வேளையா பிரிச்சு, ஒரு வேளை வெச்சது கொஞ்ச நேரத்துல முடியற அளவுதான் வைக்கணும், மிச்ச நேரம் முழுக்க புல்லும் ஹேயும் முன்னாடி இருக்கணும். நல்ல பெல்லட்லயும் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு, ஹே தொடாம பெல்லட்டையே தின்னுட்டு உக்காந்திருந்தா, நாலு மாசம் ஆன குட்டிக்கு பெல்லட்டைக் கொஞ்சம் குறைச்சுடுவேன். சமையல் தராசு ஒண்ணு வெச்சு வாரம் ஒரு நாள் எடை பாருங்க, ஏறிட்டே வரணும், நின்னுபோச்சுன்னா ஏதோ சரியில்ல. புழுக்கை உருண்டையா, ஒரே சைஸ்ல, உடைச்சா உள்ள நார் நாரா இருந்தா நீங்க எடுத்த முடிவு சரியாப் போயிட்டு இருக்கு. சித்திரை வெயில்ல கொஞ்சம் கம்மியா திங்கும், அது சகஜம், ஆனா பன்னெண்டு மணி நேரம் எதுவுமே திங்கலன்னா, புழுக்கை போடலன்னா, தண்ணியா போச்சுன்னா காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க, உடனே முயல் பாக்கத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட போங்க, சென்னையில இருக்கறவங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு.

ஏழு மாசத்துக்கு அப்புறம் ஆல்ஃபால்ஃபாவை நிறுத்திடணும். வளர்ச்சி முடிஞ்ச உடம்புக்கு அவ்வளவு கால்சியம் வேண்டாம், முயல் சாப்பிடற கால்சியத்தைத் தேவைக்கு மேலயும் உறிஞ்சிக்கும், மிச்சத்தை மூத்திரத்துலதான் தள்ளும், சிலதுக்கு அது வெள்ளையா சேறு மாதிரி படிஞ்சு மூத்திரப்பையில கல்லாவே ஆயிடும். அதனால ஆறாவது மாசம் முடியறப்பவே கடைசி ஜூனியர் பாக்கெட்டோட ஒரு சின்ன டிமோத்தி அடல்ட் பாக்கெட்டும் சேர்த்து வாங்கிட்டீங்கன்னா, அதே பத்து நாள் முறையில கலந்து கலந்து மாத்திடலாம், ஹேயையும் அதே மாதிரி ஆல்ஃபால்ஃபாவுல இருந்து புல் ஹேக்குக் கொண்டுபோயிடலாம்.